செயற்கைக்கோள் சற்றுத் தாமதித்து வரவும்

எதிர்காலத்துக்கென்று ஓர் அரச அலுவலகம் இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க நியாயமில்லை. மீனுக்கு ஒன்று இருக்கிறது, மிளகுக்கு ஒன்று இருக்கிறது. நாளை என்று ஒன்று வரத்தான் போகிறது என்றால், அதை வரவேற்று உட்காரவைக்க ஒரு கந்தோர் வேண்டாமா? அப்படித்தான் கண்டி குட்செட் பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பேக்கரியின் மாடியில், "எதிர்கால விவகாரங்கள் மற்றும் விண்வெளி முதலீட்டு ஊக்குவிப்புப் பிராந்தியச் செயலகம்" அமைந்தது. பெயர்ப்பலகை மூன்று மொழியிலும் இருந்ததால் படிக்கட்டில் பாதியை அடைத்துக்கொண்டது. மேலே போகிறவர்கள் குனிந்துதான் போக வேண்டும். எதிர்காலத்துக்குள் நுழைகிறவர்களுக்குக் கொஞ்சம் பணிவு இருப்பது நல்லதுதானே.

அமைந்தது என்று சொல்வதைவிட மாறியது என்று சொல்வதே சரி. போன வருஷம் வரைக்கும் அது தேனீ வளர்ப்பு ஊக்குவிப்பு அலுவலகம். அதே ஆட்கள், அதே கதிரைகள், கதவு சரியாக மூடாத அதே அலுமாரி. கொழும்பிலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. இனி நாட்டின் கவனம் விண்வெளியை நோக்கித் திரும்ப வேண்டும், இளைய தலைமுறை தன் எதிர்காலத்தைத் தானே வடிவமைக்க வேண்டும், அதற்கு இசைவாகத் தேனீ அலுவலகங்கள் உடனடியாகத் தம்மை மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. ஏன் தேனீ அலுவலகங்கள் என்று கேட்டவர்களுக்குப் பிரதம எழுதுவினைஞர் வில்பிரட் விளக்கம் சொன்னார்.

"பறக்கிற சாமான் பத்தி முன் அனுபவம் உள்ள ஒரே டிப்பார்ட்மென்ட் நாங்கதானே."

சுவரில் தேன்கூட்டின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று தொங்கியது. அதைக் கழற்ற மேலிடத்து அனுமதி வராததால், மேலே "சூரியக் குடும்பம்" என்று ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டார்கள். களஞ்சிய அறையில் தலைமுதல் கால்வரை மூடுகிற, முகத்துக்கு வலை வைத்த வெள்ளை உடுப்புகள் இரண்டும், தேனீயை அடக்கப் புகை போடுகிற கருவிகள் சிலவும் இருந்தன. அரச சொத்தை எறிய முடியாது. அதனால் வில்பிரட் பதிவேட்டில் "தேனீ உடுப்பு - 2" என்றிருந்ததை வெட்டி, "விண்வெளி உடுப்பு - 2" என்று எழுதி, பக்கத்தில் சிற்றொப்பம் வைத்தார். கணக்காய்வாளர்கள் வந்து எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு இருந்தது. திருப்தியோடு தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

பணிப்பாளர் சாந்தகுமார் யாழ்ப்பாணத்து மனிதர். வேலை முழுக்கத் தேனீக்களோடு கழிந்தும் ஒரு கொட்டு வாங்காதவர், ஏனென்றால் அவர் ஒரு கூட்டின் கிட்டப் போனதில்லை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. யார் போனாலும் இருக்கச் சொல்லுவார். அவருக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது, அது வைபவம். வைபவம் நடக்காத வேலை நடந்த வேலையாகாது. வைபவம் நடந்துவிட்டால் வேலை நடக்காவிட்டாலும் பெரிய நட்டமில்லை.

அந்த நாட்களில் கண்டி முழுக்கவே வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடை ராக்கெட் கொத்து போட்டது. சாதாரணக் கொத்து ரொட்டிதான், உச்சியில் ஒரு பச்சை மிளகாயை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். டியூஷன் சுவரொட்டிகளில் பாடம் நடத்தும் சேர்மாரின் தலைக்குப் பின்னால் சனிக்கிரகத்து வளையம் சுற்றியது. ஒரு ஹோட்டலில் "விண்வெளியில் முதலிடுவது எப்படி?" என்று கருத்தரங்கு நடந்தது. கட்டணம் கட்டிப் போனவர்கள் முதலீட்டாளர்கள் ஆனார்கள், கட்டணம் வாங்கியவர் தன் எதிர்காலத்தை வடிவமைத்துக்கொண்டு கொழும்புக்குத் திரும்பினார். மத்தியானம் லைட் போனால்கூட, "பரவாயில்ல, செவ்வாய்ல போய் இருந்துக்குவோம்" என்று சொல்லும் அளவுக்கு ஜனங்களிடம் நம்பிக்கை ஓங்கியிருந்தது.

இவ்வளவு பேர் வானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஊரில், வானத்தோடு உண்மையிலேயே ஏதாவது வேலை வைத்திருந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி றேணுகா. கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவுக்காரி. அப்பா மோகனராஜ் ஃபெக்டரியில், அம்மா மதலேனா மலையில் கொழுந்து பறிக்கிறவள். மற்றவள் மின்ஹா. பிலிமத்தலாவையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற றிஸ்வி ஹாஜியாரின் மகள். இரண்டு பேரும் கண்டியில் ஒரே வகுப்பில் இலத்திரனியல் படித்தவர்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, பாண் பெட்டி அளவில் ஒரு சின்னச் செயற்கைக்கோளை மேலே அனுப்பியிருந்தது. அதற்குள் பல நாட்டு மாணவர்களின் குரல்கள் இருந்தன. றேணுகாவும் மின்ஹாவும் அனுப்பிய அரை நிமிஷமும் அதில் ஒன்று. அந்தக் கோள் கீழே இறங்கி எரிந்துபோகும் காலம் நெருங்கியிருந்தது. அதற்கு முன்னால், ஒவ்வொரு குழுவின் குரலையும் அந்தந்த ஊருக்கு மேலே ஒரேயொரு தடவை ஒலிபரப்புவார்கள். கீழேயிருந்து தாங்களே செய்த அன்டனாவால் அதைப் பிடித்துக் காட்டுகிறவர்களுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் படிக்க இடம். சாப்பாடு, தங்குமிடம், பிளேன் டிக்கட் எல்லாம் அவர்களே. தோட்டத்திலிருந்து ஒரு பெண் செயற்கைக்கோள் படிக்கப் போக வேறு வழி என்ன இருக்கிறது? இந்த ஒரு வழிதான் இருந்தது. அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்து மணி தாண்டி, பத்து நிமிஷம்போல் திறந்திருக்கும்.

பிடித்ததற்குச் சாட்சி வேண்டும். ஒன்றில் அரச அலுவலகம் ஒன்றின் உறுதிக்கடிதம், இல்லாவிட்டால் அந்தக் குரல் கேட்கும் நேரம் முழுக்க இரண்டு பேரையும் தெளிவாகக் காட்டும் வீடியோ.

"வீடியோ எடுத்தாப் போதுமே" என்றாள் மின்ஹா.

"சீல் இருந்தா நல்லதுடி" என்றாள் றேணுகா. அவளை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. நம்முடைய ஆட்களுக்குக் கண்ணால் பார்த்ததைவிட சீல் குத்தினதில்தான் நம்பிக்கை அதிகம். பிறந்ததற்கே சீல் குத்தின கடதாசி காட்டுகிறவர்கள் நாம்.

ஆகவே இரண்டு பேரும் பெயர்ப்பலகைக்குக் கீழே குனிந்து, எதிர்காலத்துக்குள் நுழைந்தார்கள்.

சாந்தகுமார் அவர்களை இருக்கச் சொன்னார். முழுக்கக் கேட்டார். மகிழ்ச்சியில் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அலுவலகம் திறந்து இத்தனை மாதத்தில் விண்வெளி சம்பந்தமாக வந்த முதல் ஆட்கள் இவர்கள்தான். அதுவரைக்கும் தேன் போத்தல் கேட்டுத்தான் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"மிச்சம் சந்தோசம் பிள்ளையள். இதை நாங்கள் பெரிசாச் செய்வம். பிரதி அமைச்சரைப் பிரதம அதிதியாக் கூப்பிடுவம். எப்ப வருது?"

"வாற மாசம் ரெண்டாவது செவ்வாக்கெழம காலைல சார்."

"செவ்வாய் சரிவராது. அவருக்குக் கொழும்பில கூட்டம். வியாழக்கிழமை வரச் சொல்லுங்கோ."

"யார சார்?"

"செயற்கைக்கோளைத்தான்."

றேணுகா மின்ஹாவைப் பார்த்தாள். மின்ஹா சுவரில் இருந்த சூரியக் குடும்பத்தைப் பார்த்தாள்.

"அது நாம சொல்லி வாறது இல்லீங்க சார். பூமியச் சுத்திக்கிட்டே இருக்கும். அன்னிக்கு அந்த நேரம் மட்டுந்தான் எங்க கொரலப் போடும்."

"சொல்லிப் பாத்தனீங்களோ?"

"சொல்ல முடியாதுங்க சார்."

"சொல்லிப் பாக்காமலே முடியாது எண்டால் எப்பிடிப் பிள்ளை? உங்கட தலைமுறையில இதுதான் குறை. முயற்சி இல்லை."

மின்ஹாவுக்குப் பொறுக்கவில்லை. "சேர், எங்களுக்கு வைபவம் ஒண்டும் வேணாம் சேர். ஒரு ஆள் வந்து பாத்துட்டு, கடிதத்தில சீல் ஒண்டு அடிச்சுத் தந்தாப் போதும்."

"வைபவம் இல்லாமல் சீல் எப்பிடி அடிக்கிறது? என்ன நடந்தது எண்டு அடிக்கிறது?"

இரண்டு பேரும் மறுபடி பெயர்ப்பலகைக்குக் கீழே குனிந்து இறங்கினார்கள்.

மறுநாளே ஓர் ஏற்பாட்டுக் குழு அமைக்கப்பட்டது. எதிர்காலத்தை வடிவமைக்கும் இளைஞர்களுக்கான குழு என்பதால், ஓய்வுபெறக் கிட்டியிருந்தவர்கள் மட்டும் அதில் அங்கம் வகித்தார்கள். அனுபவம் வேண்டுமல்லவா? அவர்களுடைய முதல் தீர்மானப்படி அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் போனது. வில்பிரட் எழுதியது. தமிழ் மூலத்தில் அது இப்படி இருந்தது:

"மேற்படி செயற்கைக்கோளானது எமது பிராந்தியத்துக்கு மேலாகச் செல்லவிருப்பதை மகிழ்ச்சியுடன் அறிகிறோம். எனினும் பிரதம அதிதி அவர்களின் வேலைப்பளுவைக் கருத்திற்கொண்டு, அன்னாரின் வருகையின் பின்னர் கடந்து செல்லுமாறும், வருகை தாமதமாகும் பட்சத்தில் சற்று நேரம் அவ்விடத்திலேயே தரித்து நிற்குமாறும் மேற்படி செயற்கைக்கோளுக்கு அறிவுறுத்துவீர்களாயின் நன்றியுடையோம்."

பதில் வந்தது. வெள்ளைக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். சிரிக்காமல் எழுதியிருந்தார்கள். தங்களுக்கு ஆட்சேபனை எதுவும் இல்லையென்றும், புவியீர்ப்புத்தான் இடம் கொடுக்கவில்லையென்றும்.

சாந்தகுமார் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"இந்தப் புவியீர்ப்பு எந்த அமைச்சுக்குக் கீழ வருது வில்பிரட்?"

வில்பிரட் பேனையால் காதைக் குடைந்தபடி யோசித்தார். "சாமான் விழுற விஷயந்தானே சேர். அனர்த்த முகாமைத்துவமா இருக்கும்."

வெள்ளம், மண்சரிவு பார்க்கும் அந்த அமைச்சுக்கும் ஒரு கடிதம் போனது. "குறித்த விடயம் எமது பொறுப்பெல்லைக்குள் அடங்காது" என்று பதில் வந்தது. அந்தப் பதிலும் கடிதக் கோவையில் சேர்ந்தது. நல்ல வேளையாக, கொழும்பில் பிரதி அமைச்சரின் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் தானாகவே தள்ளிப்போனது. "செயற்கைக்கோளின் வேலைப்பளுவைக் கருத்திற்கொண்டு வைபவம் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றப்பட்டது" என்று குறிப்பெழுதி, பூமிக்கும் வானத்துக்கும் இடையில் இருந்த பிணக்கைச் சாந்தகுமார் தீர்த்துவைத்தார்.

இதற்கிடையில் பெண்கள் இரண்டு பேரும் அன்டனாவைச் செய்து முடித்திருந்தார்கள். றிஸ்வி ஹாஜியார் கடையில் வெட்டி மிஞ்சிய அலுமினியக் குழாய்களைக் கொடுத்தார். "எடுத்துட்டுப் போங்க மகள், சும்மாதான் ஈக்கிது" என்றார். அன்றைக்கே அவர் செயலகத்தின் ஆண்டறிக்கையில் ஏறினார்: "உள்நாட்டுத் தனியார் துறையிலிருந்து ஈர்க்கப்பட்ட விண்வெளி முதலீடு." அந்த வருஷம் ஈர்க்கப்பட்டது அது ஒன்றுதான்.

இடம், மேற்பிரிவின் பெரட்டுக் களம். காலையில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புகிற மேட்டு வெளி அது. நாலு பக்கமும் வானம் திறந்து கிடக்கும். ஓரத்தில் ஒரு பெரிய சவுக்கு மரம். மரத்தில் தோட்ட நிர்வாகம் சிவப்பில் ஒரு பலகை அடித்திருந்தது: "கவனம்! குளவிக் கூடு." வைபவத்துக்கு முதல்நாள் வந்த சாந்தகுமார் அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இது படத்தில விழுமே. எதிர்காலத்துக்குப் பின்னால குளவி எண்டு கிடந்தால் முதலீட்டாளர் என்ன நினைப்பினம்?"

"உண்மையாவே கூடு இருக்குங்க சார், அந்தா ஒசரத்துல" என்றாள் றேணுகா. கூட நின்றவர்களும் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அந்த மலையில் குளவி கொட்டாத குடும்பம் இல்லை.

"பலகையைத்தானே சொல்லுறன். கூட்டை ஆர் பாக்கப் போயினம்?"

பலகைக்கு மேலே ஒரு பெனர் வந்தது. "வானம் எமது எல்லையல்ல! எதிர்காலம் இளைஞர் கையில்!" ஆணி அடித்தால் மரம் அதிரும் என்று யாரோ சொன்னதால், பெரிய மனதோடு கயிற்றால் கட்டினார்கள்.

மேசை ஒன்றில் வெள்ளைத் துணி விரித்து, பழைய தேன்பெட்டியின் மூடியில் ஒரு சிவப்புப் பொத்தான் பொருத்தியிருந்தது. பிரதம அதிதி அமத்துவதற்கு.

"இது எதோட தொடுத்தீக்கிது சேர்?" என்று மின்ஹா கேட்டாள்.

"பிரதம அதிதியோட" என்றார் வில்பிரட்.

அன்டனாவுக்குச் சிவப்பு ரிபன் சுற்றி, மேடைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பொத்தானை அமத்தி, ரிபனை வெட்டி, அதற்குப் பிறகுதான் அது அன்டனா. அதுவரைக்கும் அது அலங்காரம். அடுத்ததாக வில்பிரட் வெள்ளை உடுப்பு இரண்டையும் கொண்டுவந்து நீட்டினார்.

"இது தேன் எடுக்கிற உடுப்புங்களே சார்" என்றாள் றேணுகா.

"பதிவேட்டில விண்வெளி உடுப்பு எண்டுதான் கிடக்கு" என்றார் சாந்தகுமார். "போடுங்கோ பிள்ளையள். படத்துக்கு நல்லா இருக்கும்."

படத்துக்கு நல்லா இருக்கும் என்ற காரணத்துக்கு எதிராக இந்த நாட்டில் இதுவரை யாரும் வாதாடி வென்றதில்லை. இரண்டு பேரும் சம்மதித்தார்கள். சீல் வேண்டுமே.

ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில், உடுப்பை மாட்டும் முன்னர், றேணுகா தன் போனை அப்பாவின் கையில் கொடுத்தாள். மின்ஹாவின் போன் கோள் வரும் திசையைக் காட்டுவதற்கு வேண்டியிருந்தது. லப்டொப்பிலே கெமரா எப்போதோ செத்துப்போய்விட்டது.

"அப்பா, இவங்க கடிதம் குடுக்காட்டியும் வீடியோ இருந்தா போதும். மினிஸ்டர் வந்தா அவரப் பாக்காதீங்க. என்ன நடந்தாலும் எங்க ரெண்டு பேரையே எடுங்க."

"நான் எதுக்கும்மா அவரப் பாக்கப் போறேன்?" என்றார் மோகனராஜ். அவருக்குக் கோபம்கூட வந்தது. "எம் புள்ளயத்தான் எடுப்பேன்."

ஒன்பதரைக்கு வருவதாகச் சொன்ன பிரதம அதிதி ஒன்பதரைக்கு வரவில்லை என்பதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. தோட்டத்துச் சனம் முழுக்கக் களத்தில் நின்றது. ஒவ்வொரு கையிலும் ஒரு போன். கண்டி மேளக்காரர்கள் வெயிலில் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். மதலேனா மகளைப் பார்த்து, "உள்ள வேகுதாடி?" என்று கேட்டாள். வலைக்குள்ளிருந்து, "இல்லம்மா" என்று பொய் வந்தது.

"பேராதனையில நிக்கிறாராம்" என்றார் வில்பிரட் போனை மூடிக்கொண்டு. கொஞ்ச நேரத்தில், "கலஹா ரோட்டுல ஏறிட்டாராம்" என்றார். மணி பத்தைத் தாண்டியது. மின்ஹா போனைப் பார்த்தாள்.

"சேர், இன்னங் கொஞ்சத்தில மேல வந்துரும். ரிபனக் கழட்டுவமா சேர்?"

"பிரதம அதிதிக்கு முந்திச் செயற்கைக்கோள் வந்தால் அது மரியாதையில்லைப் பிள்ளை."

"சார், இது போனா திரும்ப வராதுங்க சார்." றேணுகா ரிபன் முடிச்சில் கை வைத்தாள். "இது எங்க படிப்பு சார்."

"அமைச்சரும் போனால் திரும்ப வரமாட்டார்" என்றார் சாந்தகுமார். இரண்டும் ஒன்றுதான் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

அந்த நேரம் வாகனங்கள் வந்து நின்றன. கதவு திறந்தது. மேளம் அதிர்ந்தது. வெற்றிலை நீட்டப்பட்டது. வில்பிரட் கையைக் காட்டினார். பெனருக்குக் கீழே, சவுக்கு மரத்தடியில் தயாராக நின்ற சிற்றூழியர்கள் தேங்காய்ப் பொச்சு அடைத்துப் பற்றவைத்த புகைக் கருவிகளை மேல்நோக்கி அமத்தினார்கள். ராக்கெட் கிளம்புவது போன்ற தோற்றத்துக்காகச் சாந்தகுமார் தாமே சிந்தித்த ஏற்பாடு அது. புகை அழகாக எழுந்தது. பெனரை மறைத்தது. கிளைகளுக்குள் போனது. பிரதி அமைச்சர் குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்றி, படம் எடுக்கிறவர்களுக்காக மெழுகுதிரியை அப்படியே பிடித்துக்கொண்டு புன்னகைத்தார்.

மின்ஹாவின் போன் கீச்சிட்டது. கோள் வந்துவிட்டது. குளவியும் வந்துவிட்டது.

அடுத்து நடந்ததை விவரிப்பது கடினம். பிரதி அமைச்சர் மெழுகுதிரியை எறிந்தார், மாலையை எறிந்தார், சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு மேசையைத் தாண்டினார். வயதுக்கும் உடம்புக்கும் பொருந்தாத ஒரு பாய்ச்சல் பாய்ந்து, மழைநீர்க் கானைக் கடந்து, தேயிலைக்குள் இறங்கினார். சாந்தகுமாரும் ஓடினார். அந்த நிலையிலும் அவர் முறை தவறவில்லை. பிரதம அதிதிக்கு முன்னால் ஓடாமல், மரியாதையான தூரம் விட்டுப் பின்னாலேயே ஓடினார். தோட்டத்துச் சனத்துக்குக் குளவி பழக்கம். அவர்கள் தாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசைப் பக்கமும் கோயில் பக்கமும் சிதறி, துணியால் தலையை மூடிக்கொண்டு குந்திவிட்டார்கள். போனை மட்டும் யாரும் கீழே போடவில்லை.

களத்தில் மிஞ்சியது வெள்ளை உடுப்பு இரண்டு. தேனீ அலுவலகத்துக்கு வாங்கிய காலம் முதல் அந்த உடுப்புகள் செய்த முதல் வேலை அதுதான். வலையில் குளவிகள் மொய்த்தன. றேணுகா இரண்டு கையாலும் ரிபனைப் பிய்த்து எறிந்தாள். அன்டனாவைத் தூக்கி, மின்ஹா கத்திய திசைக்குத் திருப்பினாள்.

"இன்னம் மேல! வலது! அப்பிடியே, அப்பிடியே வெச்சுக்க!"

லப்டொப் இரைந்தது. இரைச்சலுக்குள்ளிருந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல, ஒரு குரல் வந்தது. றேணுகாவின் சொந்தக் குரல்தான். மாதக்கணக்காகப் பூமியைச் சுற்றிவிட்டு வந்திருந்தது.

"நாங்க றேணுகா, மின்ஹா. கலஹாவுலேர்ந்தும் பிலிமத்தலாவையிலேர்ந்தும் பேசுறோம். மேலேர்ந்து பாத்தா எங்க லயம் தெரியுதா? தெரியாட்டியும் பரவால்ல. நாங்க இங்கதான் இருக்கோம்."

அவள் அன்டனாவை அசைய விடவில்லை. குரல் தேய்ந்து, இரைச்சலாகி, மறைந்தது. வலைக்குள்ளே இரண்டு பேரும் அழுதார்கள். இந்தக் கதையில் ஒருவர் தன் எதிர்காலத்தைத் தன் கையில் பிடித்திருந்த நேரம் என்றால் அந்த அரை நிமிஷம்தான், அதை எந்த வைபவமும் தரவில்லை.

யாருக்கும் உயிர் ஆபத்து இல்லை. அன்று பின்னேரம் பெண்கள் இரண்டு பேரும், சீல் குத்த வேண்டிய உறுதிக்கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சாந்தகுமாரின் முகம் ஒரு பக்கம் வீங்கி, ஒரு கண் மூடியிருந்தது. பக்கத்தில் வில்பிரட் கோவையோடு உட்கார்ந்திருந்தார்.

"சார், பிடிச்சிட்டோம் சார். ரெக்கோட் இருக்கு. இதுல ஒரு சீல் மட்டும்."

சாந்தகுமார் திறந்திருந்த கண்ணால் அவர்களைப் பார்த்தார். அந்தக் கண்ணில் உண்மையான கவலை இருந்தது.

"எப்பிடிப் பிள்ளை தாறது? வைபவம் பின்போடப்பட்டது எண்டு அறிக்கை போட்டாச்சு."

"ஆனா செட்டலைட் வந்திச்சே சேர்" என்றாள் மின்ஹா.

"வைபவம் நடக்கேல்லை. நடக்காத வைபவத்துக்கு அது எப்பிடி வந்திருக்கும்?"

"சேரே அங்கதான நிண்டீங்க!"

"நான் நிக்கேல்லை, ஓடினனான்." அவர் வேதனையோடு திரும்பிப் படுத்தார். "பொத்தானும் அமத்தேல்லை. நாளைக்குக் கணக்காய்வில ஆர் பதில் சொல்லுறது? அடுத்த திகதி போட்டதும் அதைத் திரும்ப ஒருக்கா வரச் சொல்லுங்கோ."

வில்பிரட் வாசல் வரைக்கும் கூட வந்தார். "மனசு கஷ்டப்படாதீங்க. பின்போட்டதுன்னு ஃபைல்ல ஏறிட்டா, கடவுளே வந்தாலும் அன்னைக்கு வரலன்னுதான் நாங்க எழுதணும்."

சரி, வீடியோ இருக்கிறதே! பஸ்ஸில் திரும்பும்போது றேணுகாவுக்கு அந்த நிம்மதி இருந்தது. லயத்துக்குப் போனதும் அப்பாவிடம் போனை வாங்கினாள். மின்ஹாவும் பக்கத்தில் குந்தினாள்.

வீடியோ நன்றாக ஆரம்பித்தது. வெள்ளை உடுப்பு இரண்டும் நடுவில் தெளிவாகத் தெரிந்தன. மேளம், புகை, விளக்கு. அப்புறம் ஒரு கூச்சல். படம் குலுங்கி, ஒரேயடியாக இடது பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு முடிவு வரைக்கும் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு தேயிலைக்குள் ஓடுகிற பிரதி அமைச்சர். நல்ல தெளிவு. கை ஆடவேயில்லை. பின்னணியில் மோகனராஜின் சிரிப்பு.

"அப்பா" என்றாள் றேணுகா.

மோகனராஜ் தரையைப் பார்த்தார். "நான் ஒன்னத்தாம்மா எடுத்துக்கிட்டு இருந்தேன். அவரு பாஞ்ச ஒடன கை தானா போயிருச்சு."

தோட்டம் முழுக்க வாசல் வாசலாகப் போய்க் கேட்டார்கள். அத்தனை போனிலும் வீடியோ இருந்தது. அத்தனையும் அதே இடத்தில் இடது பக்கம் திரும்பியது. மதலேனாவின் தோழிகள் எடுத்தது, மேளக்காரர் எடுத்தது, பிலிமத்தலாவையிலிருந்து மகளைப் பார்க்கவென்றே வந்திருந்த றிஸ்வி ஹாஜியார் எடுத்தது. இத்தனை காலமும் பெரியவர்கள் மேடையில் நின்று நம்மைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். ஒருவர் ஓடுவதைப் பார்க்க நமக்கு ஒரு தடவை கிடைத்தது. அதை விட்டுவிட்டு யார் வானத்தைப் பார்ப்பார்கள்? எனக்குக் கோபம் வருகிறது, ஆனால் யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

ஒரு கணம் தெரிகிற, முகம் வலைக்குள் இருக்கிற இரண்டு வெள்ளை உடுப்பைச் சாட்சியாக ஏற்க முடியவில்லை என்று பல்கலைக்கழகம் வருத்தத்தோடு எழுதியது. இடம் வேறொரு நாட்டுப் பிள்ளைகளுக்குப் போனது. அடுத்த வாரம் அந்தப் பாண் பெட்டி, குரல்களோடு சேர்ந்து, எங்கேயோ ஒரு கடலுக்கு மேலே எரிந்து முடிந்தது. செயலகத்துக்கும் ஒரு சுற்றுநிருபம் வந்தது. அண்மைய சம்பவத்தை அடுத்து, நாட்டின் கவனம் இனிப் பூச்சியினங்களின் பக்கம் திரும்ப வேண்டுமாம். வில்பிரட் பதிவேட்டை எடுத்து, "விண்வெளி உடுப்பு - 2" என்பதை வெட்டி, பழையபடி எழுதிச் சிற்றொப்பம் வைத்தார். றேணுகா இப்போது கண்டியில் ஒரு போன் திருத்தும் கடையில் நிற்கிறாள். மின்ஹா வாப்பாவின் கடையில் குழாய் அளக்கிறாள்.

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாட்டுப் போட்டது, மெதுவாக ஓடவிட்டது, திரும்பத் திரும்பப் பாயவிட்டது என்று பல விதமாக வந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியிருப்பீர்கள், நாலு குழுமத்துக்கு அனுப்பியும் இருப்பீர்கள். இன்னொரு தடவை கையில் கிடைத்தால் ஆரம்பத்தை மட்டும் கவனியுங்கள். படம் இடது பக்கம் திரும்புவதற்குச் சற்று முன்னால், வெள்ளை உடுப்பில் இரண்டு பேர் தெரிவார்கள். ஒருத்தி ரிபனோடு இழுபடுவாள். மற்றவள் எதையோ பார்த்துக் குனிந்திருப்பாள். அவர்களைப் பற்றிக் கீழே ஒரே ஒருவர்தான் எழுதியிருக்கிறார்: "எல்லாரும் ஓடுறாங்க, இந்த ரெண்டு லூசும் அங்க என்ன செய்யுது?"

அதற்குக் கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்பு முகங்கள் கிடக்கின்றன. உங்களுடையதும் அதற்குள் இருக்கும், தேடினால் கிடைக்கும்.